டயர் மாற்றிய நாள்

பத்துமலை குந்தி உட்கார்ந்து பின்சக்கரத்து டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினான். நகம் இறங்கவில்லை. காற்று குறைந்து பிதுங்கியிருந்த பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, "இங்க பாருங்கண்ணே" என்றான். கறுப்பு ரப்பரில் தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள் வளைந்து வளைந்து ஓடின.

"பூ அப்படியே இருக்கு. நேத்து வாங்குன மாதிரி. ஆனா ரப்பரு செத்துப்போச்சு."

டயரின் மேல்வரிகளைத்தான் அவன் பூ என்றான். சதாசிவம் குனிந்து பார்த்தான். ஏழு வருஷத்துக்கு முன் காரோடு வந்த டயர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில், மாதம் ஒருமுறை பெரிய பசார், பள்ளி விடுமுறைக்கு மனைவியின் ஊரான தெலுக் இந்தான். மற்ற நாளெல்லாம் கார் ஈப்போவில் புந்தோங் வீட்டு முன்னால் துணி போர்த்தி நிற்கும். அலுவலகத்துக்கு அவன் மோட்டார் சைக்கிளில்தான் போவான். இந்த டட்சன் காரில் இதுவரை ஓடியது ஒன்பதாயிரத்துச் சொச்சம் மைல்.

"காத்து மட்டும் அடிச்சா போதாதா?"

"டவுனுக்குள்ளன்னா ஓட்டிக்கலாம். எங்க போறீங்க?"

"சுங்கை சிப்புட்."

"மரலாரி ஓடுற ரோடுலா அது. பின்னால ரெண்டையாவது மாத்திடுங்க. அரை மணி நேர வேலை." பத்துமலை எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "தோட்டத்துக்கா? ராமையாண்ணன் எப்படி இருக்காரு? ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"இருக்காரு" என்றான் சதாசிவம். "பரவால்ல."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்திருந்தது. தோட்டத்து அலுவலகக் கிராணியார் பேசினார். அண்ணன் ராமையாவுக்கு மூச்சு வாங்குகிறது, உன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், மகளையும் கூட்டிக்கொண்டு உடனே புறப்பட்டு வா என்றார். அண்ணனுக்கு ஒரே மகள், மங்களம். தாசெக்கில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேலை செய்து, அங்கேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சதாசிவம் ஃபேக்டரிக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னான்.

"நான் பஸ்ஸுல போயிரட்டா சித்தப்பா?" என்று கேட்டாள்.

"வேணாம். காடியில வாரேன். ஃபேக்டரி கேட்டுகிட்ட நில்லு. பதினொண்ணுக்குள்ள வந்துருவேன்."

வீட்டுக்கு வந்து காரின் மேலிருந்த துணியை உருவியபோது பின்சக்கரம் ஒன்று தரையோடு அமுங்கியிருந்தது. காற்றடிக்கத்தான் சில்லிபின் சாலையில் இருக்கும் இந்தக் கடைக்கு வந்தான்.

இதையெல்லாம் பத்துமலையிடம் சொல்லியிருக்கலாம். பத்துமலை அதே தோட்டத்தில் பிறந்தவன். அண்ணனுக்குப் பக்கத்து ரப்பர் மர நிரையில் எட்டு வருஷம் பால் வெட்டிவிட்டு, அந்தக் கையோடு டவுனுக்கு வந்து டயர் மாட்டும் வேலையில் சேர்ந்தவன். விஷயத்தைச் சொன்னால் காற்றை அடித்து, "மெதுவா ஓட்டிக்கிட்டு போங்கண்ணே, முதல்ல போய்ச் சேருங்க" என்று தள்ளிவிட்டிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை என்பது சதாசிவத்துக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி நினைக்காமல் இருந்தான்.

கடைக்காரர் ஆ செங் உள்ளேயிருந்து வந்தார். தமிழ் ஆட்களோடு இருபது வருஷம் வேலை செய்தவர், தமிழ் ஓரளவு பேசுவார்.

"எது ரொம்ப நாளைக்கு வரும் தவுக்கே?" என்று முதலாளியைக் கேட்டான் சதாசிவம்.

"இது ரேடியல். நாப்பதாயிரம் மைல் போகும். அது சாதா. இருபதாயிரம்."

"அப்ப ரேடியலே போடுங்க."

ஆ செங் காருக்குள் தலையை விட்டு மைல் கணக்கைப் பார்த்தார். சிரித்தார். "உங்க காடி ஒரு வருஷம் ஆயிரத்து முந்நூறு மைல் ஓடுது. நாப்பதாயிரம் ஓட முப்பது வருஷம் வேணும். ரப்பர் முப்பது வருஷம் நிக்காது லா. அஞ்சு, ஆறு வருஷம், அவ்ளோதான். சும்மா நின்னாலும் செத்துடும். சும்மா வெயில்ல நின்னா இன்னும் சீக்கிரம். தினம் ஓடுற டயர் மெத்துன்னு இருக்கும், நிக்கிற டயர் இறுகிடும். எத்தன மைல் போகும் நீங்க பாக்க வேணாம். எப்ப செஞ்சது, அத பாருங்க."

டார்ச் விளக்கை அடித்து, அலமாரியிலிருந்த டயரின் பக்கவாட்டில் குத்தியிருந்த மூன்று எண்களைக் காட்டினார். முதல் இரண்டும் வாரம், கடைசி எண் வருஷம். போன வருஷம் நடுவில் செய்தது.

"ஒரு வருஷப் பழசா?"

"ஒரு வருஷம் ஒண்ணும் இல்ல. நிழல்ல இருந்தது. நல்ல சாமான்."

"போன மாசம், இந்த மாசம் செஞ்சது எதுவும் இல்லையா?"

"மெங்லெம்பு ஸ்டோர்ல இருக்கு. வேன் அனுப்பி எடுக்கணும். ஒரு மணி நேரம் ஆகும். அவசரம்னா இதுவே போடுங்க, நான் சொல்றேன்."

"அவசரம் இல்ல" என்றான் சதாசிவம். "புதுசே எடுத்து வரச் சொல்லுங்க. நாலும் மாத்திடலாம்."

பத்துமலை நிமிர்ந்து பார்த்தான். "முன்னால ரெண்டும் இன்னும் கொஞ்ச நாள் வரும்ணே."

"இருக்கட்டும். மாத்துறப்ப ஒரேடியா மாத்திடணும்."

ஆ செங் வேன்காரனைக் கூப்பிட்டார். வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தபோது சதாசிவத்தின் மூச்சு லேசானது. பள்ளிக்கூட நாளில் பரீட்சை தள்ளிப்போனதாகச் சொன்னால் வரும் அந்த லேசு. அது வந்ததை அவன் உணர்ந்தான். உணர்ந்தவுடன் காது மடல்கள் சூடாயின.

எதிர்க் கடையில் கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான்கு மாதத்துக்கு முன் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்த்ததுதான் கடைசி. வயிற்றில் கட்டி என்றார்கள். வார்டில் வரிசையாகக் கட்டில்கள். அண்ணனின் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தான். அடையாளம் தெரியவில்லை. கண்கள் மஞ்சளாக, தாடை எலும்பு துருத்திக்கொண்டு, படுக்கையில் ஒரு பிள்ளையின் அளவுக்குத்தான் இருந்தார். "தம்பி" என்று கையை நீட்டினார். அந்தக் கை சுருங்கிக் குளிர்ந்திருந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, காடி நிறுத்துகிற இடத்தில் நேரம் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்தான். "போய்ட்டு வா தம்பி, மழை வேற வர்ற மாதிரி இருக்கு" என்றார் அண்ணன். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினான். அதன் பிறகு போகவில்லை. மங்களம் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினான்.

அண்ணன்தான் அவனைப் படிக்க வைத்தார். அப்பா செத்தபோது அண்ணனுக்குப் பதினாறு, அவனுக்கு ஐந்து. அப்பாவின் பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு அப்பாவின் நிரையிலேயே அண்ணன் இறங்கினார். அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிக் கடனைக் கழித்திருக்கலாம்.

பதினொன்று அடித்தது. கடையில் ஆ செங்கின் மேசை மேல் தொலைபேசி இருப்பது இங்கிருந்தே தெரிந்தது. ஃபேக்டரிக்குப் போன் போட்டு, நீ பஸ் ஏறிப் போ என்று மங்களத்திடம் சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்பாள். கோப்பி ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது. இன்னொன்று கொண்டுவரச் சொன்னான்.

வேன் வந்தபோது மணி பன்னிரண்டேகால். நான்கு டயர்களையும் மாட்டி முடிக்க ஒரு மணி ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. பத்துமலை சாவியை நீட்டினான்.

"முன்சக்கரம் கோடு சரியா இருக்கான்னும் பாத்துடலாமே" என்றான் சதாசிவம்.

"அது நல்லாத்தாண்ணே இருக்கு. ஸ்டேரிங் ஒரு பக்கமும் இழுக்கலையே."

"பாத்துடு. இல்லன்னா புது டயரு ஒரு பக்கமா தேஞ்சிடும்."

பத்துமலை சாவியோடு மறுபடி காருக்குள் ஏறினான்.

தாசெக்கில் ஃபேக்டரி கேட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது ஒன்றே முக்கால். மங்களம் வேலியோரம் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். நீலச் சீருடை முதுகில் ஒட்டியிருந்தது. காரைக் கண்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் வாய் தானாகத் திறந்தது.

"டயரு வெடிச்சிருச்சும்மா."

"ஐயோ சித்தப்பா! உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று சன்னல் வழியாக அவன் தோளைத் தொட்டாள். "நாலு பஸ்ஸு போச்சு. ஏறிடலாமான்னு நெனச்சேன். அப்பறம் நீங்க வந்து தேடுவீங்களேன்னு நின்னுட்டேன்."

காரின் பின்பக்கமாகச் சுற்றி வந்து பையை வைத்துவிட்டு முன்னால் ஏறினாள். கதவைச் சாத்தினாள். செம்மோர் வரைக்கும், "வேகமா போவாதீங்க சித்தப்பா, வேகமா போவாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புது டயர்கள் தாரில் சத்தமில்லாமல் உருண்டன. அவன் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான்.

தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் திரும்பியபோது முன்பு ரப்பர் மரங்கள் இருந்த சரிவில், எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் கன்றுகள் இடுப்பளவு நின்றன. தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மரத்தின் மேல் இருந்தான், கீழே ஒருவர் கயிற்றை எறிந்துகொண்டிருந்தார். சத்தம் எதுவும் இல்லை. கார் நிற்பதற்கு முன்னாலேயே மங்களம் கதவைத் திறந்து இறங்கி ஓடினாள். உள்ளேயிருந்து அவள் குரல் எழுந்தபோது சதாசிவம் இன்னும் இருக்கையில்தான் இருந்தான்.

அண்ணனை நடுவீட்டில் கிடத்தி வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அண்ணி செல்லாயி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவனைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஒரு மணிக்கு தம்பி" என்றாள். "விடியக்காலமே மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. ஆனா நெனவு இருந்துச்சு. தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ரோட்டுல எந்தக் காடி சத்தம் கேட்டாலும் தலையத் திருப்புவாரு. லேட்டாவுதேன்னு நான் சத்தம் போட்டேன். 'பதறாம ஓட்டிக்கிட்டு வரச் சொல்லு'ன்னாரு. அதான் கடைசிப் பேச்சு."

ஒரு மணி. முன்சக்கரத்தின் கோட்டைப் பத்துமலை பார்த்துக்கொண்டிருந்த நேரம். சதாசிவம் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தான். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. அண்ணி ஏதாவது கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தான்.

அப்பாவின் மார்பில் கிடந்த மங்களம் தலையைத் தூக்கினாள். அவனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "வர்ற வழியில டயரு வெடிச்சிருச்சும்மா. சித்தப்பா என்ன செய்வாரு, பாவம்."

"அடக் கடவுளே" என்றாள் செல்லாயி. கையை நீட்டி அவன் முழங்காலைத் தொட்டாள். "உனக்கு ஒண்ணும் ஆகலயே சாமி?"

அவன் தலையை ஆட்டினான்.

பொழுது சாய்வதற்குள் அந்தச் செய்தி லயம் முழுக்கப் போய்விட்டது. வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அவனிடம் நின்றார்கள். உயிர் தப்பியதே பெரிசு என்றார் ஒரு கிழவர். பெருமாள் கோயில் பூசாரி காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ராமையாவின் புண்ணியம்தான் காப்பாற்றியிருக்கிறது என்றார். யாரோ ஒரு பெண் அவன் கையில் கோப்பிக் குவளையைத் திணித்து, "குடிங்கண்ணே, படபடப்பு அடங்கும்" என்றாள். குடித்தான். ஒவ்வொரு தடவை சொல்லப்படும்போதும் கதை கொஞ்சம் வளர்ந்தது. ஐந்து மணிக்குள் அந்தக் கதையில் கார் பள்ளத்தில் இறங்கி நின்றிருந்தது. அவன் எதையும் மறுக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை.

"அந்தக் காடியில ஒரே ஒரு தடவதான் ஏறுனாரு" என்று செல்லாயி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "வாங்குன புதுசுல தம்பி கொண்டாந்து காட்டுனுச்சு. சுங்கை சிப்புட் டவுனு வரைக்கும் கூட்டிட்டுப் போனுச்சு. ஒரு வாரம் அதையே பேசிக்கிட்டு இருந்தாரு."

சதாசிவத்துக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அண்ணன் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். சட்டையில் புளித்த ரப்பர் பாலின் வாடை. அவர் ஏறுவதற்குள் சதாசிவம் பின்னாலிருந்து பழைய பேப்பரை எடுத்து இருக்கை மேல் விரித்தான். அண்ணன் ஒரு நொடி நின்றார். "நல்லதுதான் தம்பி, சீட்டு புதுசுல்ல" என்று சொல்லிவிட்டு, பேப்பர் கசங்காமல் மெல்ல உட்கார்ந்தார். டவுனுக்குப் போய்த் திரும்பும்வரை முதுகைச் சாய்க்கவே இல்லை.

ஆறு மணிக்குப் பத்துமலை வந்தான். கடையின் பேர் போட்ட சட்டையைக்கூட மாற்றாமல் மோட்டார் சைக்கிளில் நேரே வந்திருந்தான். வண்டியை நிறுத்தும்போதே பக்கத்து வீட்டு வீரம்மா எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தம்பிக்காரன் மொகத்தக்கூடப் பாக்காம போய்ட்டாருய்யா. பாவம் அது, ஈப்போவுல இருந்து வர்றப்ப டயரு வெடிச்சி, நடுரோட்டுல நின்னு..."

பத்துமலை அவள் தோளுக்கு மேலாகச் சதாசிவத்தைப் பார்த்தான். சுற்றி இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சதாசிவம் எழுந்திருக்க நினைத்தான்.

"ஆமாக்கா" என்றான் பத்துமலை. குரல் சாதாரணமாக இருந்தது. "பின்னால டயரு. நான்தான் மாத்திக் குடுத்தேன்."

உள்ளே போய் நெடுநேரம் அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்து முகம் கழுவக் குழாயடிக்குப் போனபோது சதாசிவம் பின்னாலேயே போனான்.

"பத்துமலை."

பத்துமலை தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டான். துண்டால் துடைத்தான். "காலையில உங்ககிட்ட கேட்டேனேண்ணே" என்றான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் உங்ககூடவே வந்து ஏறியிருப்பேன். எனக்கும் பாக்கணும்னுதான் இருந்துச்சு."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குழாயை இறுக்கி மூடினான். மறுநாள் பாடை கட்டியது, குழி வெட்ட ஆள் திரட்டியது எல்லாம் அவன்தான். சதாசிவத்தைக் கடந்து போகும்போதெல்லாம் வேறு யாரையாவது கூப்பிட்டுப் பேசிக்கொண்டே போனான்.

மறுநாள் காலை, பஸ்ஸில் தாய்வீட்டுக்குப் போயிருந்த சதாசிவத்தின் மனைவியும் பிள்ளைகளும் தெலுக் இந்தானிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் எல்லாம் அவன்தான் செய்ய வேண்டும் என்றார்கள். மங்களம் செய்யட்டும் என்று சொல்லிப் பார்த்தான். அவள்தான் அவருக்கு எல்லாம் என்றான். பெரியவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். "வளத்த அண்ணன்யா, நீதான் செய்யணும்" என்றார் பூசாரி. மீசையை எடுத்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈர வேட்டியோடு நின்று அண்ணனின் வாயில் அரிசி போட்டபோது விரல் உதட்டில் பட்டது. அன்று ஆஸ்பத்திரியில் உதறிக்கொண்ட அதே குளிர். இன்று கையை எடுக்காமல் வைத்திருந்தான். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தும்வரை வைத்திருந்தான். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வரும்போது பெண்கள் அழுதார்கள், அவனுக்காகவும் சேர்த்து. செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே மிச்சமிருந்த இடுகாட்டில் முதல் மண்ணை அவன் போட்டான்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு, பின்பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணியிடம் போய் நின்றான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

"அண்ணி, நேத்து நான் லேட்டா வந்ததுக்கு..."

"அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத தம்பி" என்றாள் செல்லாயி, நிமிராமல். "அவரு ஒன்னத் தப்பா நெனைக்க மாட்டாரு. வந்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கிட்டேதான் போனாரு. எனக்கு அது போதும்."

கையிலிருந்த சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். அவள் கவிழ்த்து வைத்த சட்டிகளை அவன் உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

மூன்றாம் நாள் காலையில் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். மங்களத்துக்கு மூன்று நாள்தான் விடுப்பு. மதியச் சாப்பாடு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செல்லாயி வாழையிலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

"இரும்மா, சாவி எடுத்துட்டு வாரேன்" என்றான் சதாசிவம். "தாசெக்குல எறக்கி விட்டுட்டு வந்துர்றேன்."

"வேணாம் சித்தப்பா. பஸ்ஸுல போறேன்."

"காடி சும்மாதானே நிக்குது."

"பஸ்ஸுல போறேன்" என்றாள் மறுபடியும், மெதுவாக. அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

அவன் கூடவே நடந்தான். பையை வாங்கிக்கொண்டான், அதற்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை. செம்மண் பாதையில் முக்கால் மைல். பெரிய சாலையோரம் தகரக் கூரை போட்ட நிறுத்தத்தில் பலகை ஒன்று இருந்தது. உட்கார்ந்தார்கள். மரலாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. தூசி அடங்கும்வரை அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"நாலும் புதுசா இருந்துச்சு சித்தப்பா" என்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை.

"புது டயருல முள்ளு முள்ளா ரப்பரு நீட்டிக்கிட்டு இருக்கும்ல. நாலுலயும் இருந்துச்சு. பைய வைக்கப் போனப்ப பாத்தேன். வெடிச்சா ஒண்ணுதானே மாத்துவாங்க."

"அப்பவே தெரியுமா?"

"ம்."

"அப்பறம் ஏன் அம்மாகிட்ட..."

"வேற என்ன சொல்றது சித்தப்பா." அவள் குரல் உடையவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "அப்பா அந்த மாதிரி படுத்திருக்காரு. அம்மா ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

அவன் வாயைத் திறந்தான். பயமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அண்ணனின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, எத்தனையோ தடவை எழுந்து போயிருக்கலாம், தொலைபேசி எதிரிலேயே இருந்தது, நீ வெயிலில் நிற்பது எனக்குத் தெரியும். எல்லாம் நாக்குவரை வந்து, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்றன.

"மங்களம், நான்..."

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். "எப்பவும்."

அவன் தலையை ஆட்டினான். அவள் அவன் பக்கம் திரும்பாமல் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு, மேலே தேங்காய்ப்பூ. நடுவில் ஒடித்தாள். வாழையிலையைக் கிழித்து, ஒரு பாதியை அதில் வைத்து அவன் கையில் கொடுத்தாள். மற்றதைத் தான் தின்ன ஆரம்பித்தாள், சாலை வளைவைப் பார்த்தபடி, பசித்தவள் தின்பதுபோல.

பஸ் வந்து நின்றது. அவள் விரலைத் துடைத்துக்கொண்டு பையை வாங்கிக்கொண்டாள். ஏறி நடுவில் ஓர் இடத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "நீங்க வரலையாண்ணே?" என்று கேட்டான். சதாசிவம் இல்லையென்று தலையசைத்தான். பஸ் போன பிறகும் உள்ளங்கையை விரித்தபடியே நின்றான். இலைக்குள் கிழங்கு இன்னும் சூடாக இருந்தது.